வாய்ப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு பல் இம்பிளாண்ட் வைக்கலாமா? 'கரண்ட் வச்ச' தாடையில் கை வைக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சுது, 'கரண்ட்' சிகிச்சையும் முடிஞ்சுது. "இனி மாசா மாசம் வந்து காட்டுங்க போதும்" என்று டாக்டர் அனுப்பி வைக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் தட்டில் சோறு போட்ட பிறகுதான் அடுத்த பிரச்னை தெரியவருகிறது. மெல்ல பல் இல்லை. ஒரு பக்கம் தாடையே இல்லை. வாய் முழுசா திறக்கலை. எச்சில் ஊறலை.

"உசுரு பொழச்சதே பெருசு, இதுல பல்லு எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பல நோயாளிகளும் அப்படியே நினைத்து, மிக்ஸியில் அடித்த சாப்பாட்டோடு வாழப் பழகிவிடுகிறார்கள். சிலர் பக்கத்து ஊர் பல் கிளினிக்கில் போய், புற்றுநோய் சிகிச்சை எடுத்ததைச் சொல்லாமலேயே பல் பிடுங்கிக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

இம்பிளாண்ட் என்றால் என்ன, யாருக்கு வைக்கலாம், யாருக்கு வேண்டாம், பழனி பக்கம் இருப்பவர்கள் எங்கே போய்க் கேட்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முக்கியமான 4 விஷயங்கள்

• கதிர்வீச்சு எடுத்த தாடையில், புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் பல் பிடுங்கவே கூடாது. எத்தனை வருஷம் ஆனாலும் இது பொருந்தும்.
• பல் பரிசோதனை சிகிச்சைக்கு முன்பே நடக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பற்களை அப்போதே எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு.
• இம்பிளாண்ட் எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஆனால் சாதாரண பல்செட் நிற்காத வாயில் அது பெரிய உதவி.
• புகையிலையை விடாதவருக்கு இம்பிளாண்ட் தோற்றுப்போகும் வாய்ப்பு அதிகம்.

நம்ம ஊரில் ஏன் தாடை வரைக்கும் போகிறது?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-ம் ஆண்டுக்குக் கொடுத்த மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 1.43 லட்சம் பேருக்கு புதிதாக உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய் வந்திருக்கிறது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள்.

மேற்கத்திய நாடுகளில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் நாக்கில் வரும். நம் நாட்டில் கன்னத்தின் உள்பக்கமும் கீழ் ஈறும் சேரும் பள்ளத்தில் அதிகம் வருகிறது. காரணம் எளிது. வெற்றிலை, பாக்கு, புகையிலை, குட்கா என எதைப் போட்டாலும் நாம் 'அடக்கி' வைப்பது அந்த இடத்தில்தான். ஈறுக்கு அடியிலேயே தாடை எலும்பு இருப்பதால், கட்டி சீக்கிரம் எலும்பைத் தொட்டுவிடும். அப்போது எலும்பையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டிய நிலை வருகிறது. அந்த எலும்பில் இருந்த பற்களும் அதோடு போய்விடும்.

திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புகையிலை புதுசு இல்லை. திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கடல் தாண்டிப் போன சரக்கு. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் சுதந்திரம் வந்த கொஞ்ச காலத்திலேயே தொடங்கப்பட்டது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் பாதுகாப்பு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பாக்கு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. குட்கா, பான் மசாலாவுக்கு தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தது.

'வாழ்க்கைத் தரம்' என்று டாக்டர்கள் எதைச் சொல்கிறார்கள்?

நோயாளி எத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறார் என்பது ஒரு கணக்கு. அந்த வருஷங்களை எப்படி வாழ்கிறார் என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதை அளக்க மருத்துவர்கள் கேள்வித்தாள்கள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1993-ல் உருவான கேள்வித்தாள் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. வலி, முகத்தோற்றம், வேலை, பொழுதுபோக்கு, விழுங்குவது, மெல்லுவது, பேச்சு, தோள்பட்டை, ருசி, எச்சில், மனநிலை, பதற்றம் என 12 விஷயங்களை அது கேட்கிறது.

இந்தப் பட்டியலைப் பாருங்க. மெல்லுவது, பேச்சு, முகத்தோற்றம் மூன்றிலும் பல்லுக்கு நேரடிப் பங்கு உண்டு. மெல்ல முடியாததால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டு விலகி நிற்பவர்கள் இருக்கிறார்கள். பேச்சு புரியாததால் கடையில் வியாபாரம் செய்ய முடியாமல் போனவர்களும் உண்டு. அதனால் பல் வைப்பதை வெறும் 'அழகு' சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது.

சாதாரண பல்செட் ஏன் நிற்பதில்லை?

வயசானவர்கள் போடும் கழற்றி மாட்டும் பல்செட் மூன்று விஷயங்களை நம்பித்தான் நிற்கிறது. ஒன்று, ஈறுக்கு மேல் எழும்பி நிற்கும் எலும்பு மேடு. இரண்டு, எச்சிலின் பிசுபிசுப்பு. மூன்று, கன்னமும் நாக்கும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வது.

வாய்ப் புற்றுநோய் சிகிச்சை இந்த மூன்றையும் குலைக்கிறது. எலும்பு வெட்டப்பட்டதால் மேடு இல்லை. கதிர்வீச்சால் எச்சில் சுரப்பிகள் வறண்டுவிடுகின்றன. தொடையிலிருந்தோ மார்பிலிருந்தோ கையிலிருந்தோ எடுத்து ஒட்டிய சதை, கன்னம் மாதிரி அசையாது. அதோடு வறண்ட வாயில் பல்செட் உரசினால் புண் வரும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் அந்தப் புண் லேசில் ஆறாது.

சரி, இம்பிளாண்ட் என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், தாடை எலும்புக்குள் முறுக்கி வைக்கப்படும் டைட்டானியம் ஸ்க்ரூ. சுமார் 4 மி.மீ. தடிமன், 10 மி.மீ. நீளம் இருக்கும். பல்லின் வேர் செய்யும் வேலையை இது செய்கிறது. சில மாதங்களில் எலும்பு இதோடு ஒட்டி வளர்ந்துவிடும். பிறகு அதன்மேல் பல்லையோ பல் வரிசையையோ பொருத்துவார்கள்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை 1950-களில் முயல் எலும்பை ஆராய்ந்தபோது கவனித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு கீழ்த்தாடையில் 4 இம்பிளாண்ட்கள் வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடும், கீழ்த்தாடையில் பற்களும் இல்லாதவர் லார்சன். 2006-ல் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இம்பிளாண்ட்களோடு வாழ்ந்தார்.

கால் எலும்பில் பல் வைப்பாங்களா?

ஆமாம், நிஜம்தான். முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள் உண்டு. அதில் வெளிப்பக்கம் இருக்கும் மெலிசான எலும்பை, ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து, தாடை வடிவத்துக்கு வெட்டிப் பொருத்துவார்கள். கழுத்தில் இருக்கும் ரத்தக்குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்து இணைப்பார்கள். உடல் எடையை முக்கியமாகத் தாங்குவது இன்னொரு எலும்பு என்பதால், பெரும்பாலானவர்கள் பிறகு நன்றாகவே நடக்கிறார்கள். இந்த முறையில் தாடையை மறுசீரமைப்பதை அமெரிக்க டாக்டர் டேவிட் ஹிடால்கோ 1989-ல் வெளியிட்டார்.

இந்த எலும்பில் இம்பிளாண்ட் பிடிக்கும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கால் எலும்பின் உயரம் தாடை எலும்பை விடக் குறைவு. கீழ்ப்பக்கமாக வைத்துத் தைத்தால் முகம் நன்றாக வரும், பல் உயரம் எட்டாது. மேலே தூக்கி வைத்தால் பல்லுக்கு வசதி, தாடைக் கோடு உள்வாங்கும். அதனால்தான் 'பிறகு பல் வைப்போமா' என்ற பேச்சு ஆபரேஷனுக்கு முன்பே நடக்க வேண்டும். எலும்பை எங்கே வைக்கிறார்கள் என்பது அன்றைக்கே முடிவாகிவிடும்.

மேல்தாடை போனால்?

மேல்தாடையையும் அண்ணத்தையும் எடுத்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழும். குடிக்கிற தண்ணி மூக்கு வழியா வரும், பேச்சு மூக்கால் பேசுவது போலாகும். இதற்குப் பழைய, இன்றும் பயன்படும் வழி, அந்த ஓட்டையை அடைக்கும் தட்டோடு சேர்ந்த பல்செட்.

உளவியல் மேதை சிக்மண்ட் பிராய்டின் கதை இதுதான். 1923-ல் அவருக்கு வாய்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, மேல்தாடையின் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. சுருட்டு அவரை விடவில்லை, அவரும் சுருட்டை விடவில்லை. 1939-ல் இறக்கும் வரை 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். வாயில் மாட்டிய தட்டு சரியாகப் பொருந்தாமல் 16 ஆண்டுகள் அவரைப் படுத்தி எடுத்தது. இன்று கன்ன எலும்பு வரை போகும் நீளமான இம்பிளாண்ட்களை வைத்து, அந்தத் தட்டை ஆடாமல் நிறுத்த முடியும். அந்த வசதி பிராய்ட் காலத்தில் கிடையாது.

கரண்ட் வச்ச தாடை: இங்கேதான் உஷார்!

கதிர்வீச்சு சிகிச்சையை நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்போம். மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, உயர் ஆற்றல் கதிர்கள்தான் பாய்ச்சப்படுகின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுப்பதென்றால் பொதுவாக 6 வாரம், மொத்தம் 60 கிரே அளவை ஒட்டி இருக்கும்.

இந்தக் கதிர்கள் புற்றுநோய் செல்களை அழிக்கும்போது தாடை எலும்புக்குள் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் பாதிக்கின்றன. ரத்த ஓட்டம் குறைந்த எலும்பில் காயம் பட்டால் அது ஆறாமல் போகலாம். பல் பிடுங்கிய குழி மூடாமல், எலும்பு வெளியே தெரிந்து, சீழ் பிடித்து, கடைசியில் தாடையே உடைகிற நிலை வரை போகலாம். இதை கதிர்வீச்சால் வரும் எலும்பு அழுகல் என்கிறார்கள். மேல்தாடையை விடக் கீழ்த்தாடைக்கு ஆபத்து அதிகம். வருஷங்கள் கடந்தாலும் இந்த அபாயம் முழுசாகப் போவதில்லை.

இம்பிளாண்டும் எலும்பைத் துளைத்து வைப்பதுதான். அதனால் இதே அபாயம் அதிலும் உண்டு.

ஆபத்து எவ்வளவு? பிரிட்டன் தலைமையில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பார்த்தது. கதிர்வீச்சு எடுத்த கீழ்த்தாடையில் பல் பிடுங்கியவர்கள், இம்பிளாண்ட் வைத்தவர்கள் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு அழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்து சிகிச்சை கொடுத்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு இல்லை. இரண்டிலுமே சுமார் 6 சதவீதம் பேருக்குத்தான் 6 மாதத்தில் எலும்பு அழுகல் வந்தது. அதாவது, கவனமாக, நிபுணர் கையால் செய்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகவே ஆறுகிறது. அதோடு, எல்லோரையும் வழக்கமாக ஆக்சிஜன் அறைக்கு அனுப்புவதால் கூடுதல் பலன் தெரியவில்லை. அதற்காக யாராவது பெரிய பில் போட்டால், ஏன் என்று கேளுங்க.

இம்பிளாண்ட் எப்போது வைப்பார்கள்?

இரண்டு வழி உண்டு.

முதல் வழி, புற்றுநோய் ஆபரேஷன் நடக்கும்போதே வைத்துவிடுவது. கதிர்வீச்சு தொடங்க சில வாரங்கள் இருப்பதால், நல்ல ரத்த ஓட்டம் உள்ள எலும்பில் ஸ்க்ரூ பிடிக்கத் தொடங்கும். இன்னொரு ஆபரேஷன் மிச்சம். ஆனால் நோய் திரும்பினால் வைத்தது வீணாகலாம். சில சமயம் இடம் சரியாக அமையாமல், வைத்த ஸ்க்ரூவைப் பயன்படுத்த முடியாமலும் போகும்.

இரண்டாவது வழி, எல்லா சிகிச்சையும் முடிந்து காத்திருந்து வைப்பது. பொதுவாக 6 மாதம் முதல் 1 வருஷம் வரை பொறுக்கச் சொல்வார்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள்தான் என்பதால், அதற்கும் மேல் காத்திருக்கச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. இதில் ஒருமுறை ஸ்கேன் எடுத்துத் திட்டமிட்டு, சரியான இடத்தில் வைக்க முடியும்.

எது சரி என்பது கட்டியின் நிலை, கதிர்வீச்சு தேவையா, கையில் காசு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

யாருக்கு வேண்டாம், யாருக்கு யோசிக்கணும்?

• நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னவர்கள்.
• புகையிலை, பாக்கு, சிகரெட்டை இன்னும் விடாதவர்கள்.
• சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள்.
• எலும்பைப் பலப்படுத்தும் சில ஊசிகள் போட்டவர்கள். இவற்றாலும் தாடை எலும்பு அழுகலாம் என்பதால் கட்டாயம் சொல்ல வேண்டும்.
• வாய் போதிய அளவு திறக்காதவர்கள்.

கடைசி விஷயத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, முன்பற்களுக்கு நடுவே நுழைகிறதா பாருங்க. 35 மி.மீ.க்குக் குறைவாகத் திறந்தால் வாய்ப்பூட்டு என்று கணக்கு. வாய் திறக்காவிட்டால் உள்ளே கருவியை நுழைத்து இம்பிளாண்ட் வைக்கவே முடியாது. அதனால் சிகிச்சை காலத்திலேயே, டாக்டர் சொன்னபடி தினமும் வாய் திறக்கும் பயிற்சி செய்வது முக்கியம். வலிக்குதே என்று விட்டால் தசை இறுகிவிடும். பிறகு மீட்பது கஷ்டம்.

வைத்தால் வாழ்க்கை எவ்வளவு மாறும்?

இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். இம்பிளாண்டில் நிற்கும் பல் கிடைத்தவர்கள், கழற்றி மாட்டும் பல்செட்டை விட நன்றாக மெல்ல முடிகிறது, வெளியே சாப்பிட முடிகிறது, பேச தைரியம் வந்தது என்கிறார்கள். இட்லியும் கஞ்சியும் தாண்டி, காய்கறி, மீன், மென்மையான கறி வரை வரலாம்.

ஆனால் மெல்லுவது பல் மட்டும் செய்யும் வேலை இல்லை. சோற்றைப் பல்லுக்கு நடுவே தள்ளுவது நாக்கு. நாக்கில் பாதி எடுத்திருந்தால், எத்தனை இம்பிளாண்ட் வைத்தாலும் பழையபடி சாப்பிட முடியாது. வறண்ட எச்சில் திரும்பாது. மரத்துப்போன உதடு சரியாகாது. விழுங்குவதும் பேசுவதும் கஷ்டமாக இருந்தால் அதற்குப் பேச்சுப் பயிற்சியாளர்தான் தேவை. 'பல் வச்சா எல்லாம் சரியாயிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

பழனியிலிருந்து எங்கே போகலாம்?

பழனி அரசு மருத்துவமனையிலோ திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முதல் பரிசோதனையும் பரிந்துரைக் கடிதமும் வாங்கலாம். பெரிய சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, அதன் பாலரெங்காபுரம் புற்றுநோய் மையம், கோவை மருத்துவமனைகள், சென்னை அடையாறு புற்றுநோய் மையம் எனப் போகிறார்கள். அடையாறு மையம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்டது. பல், தாடை மறுசீரமைப்புக்கு சென்னை தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், 2023-ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். புற்றுநோய் ஆபரேஷனும் கதிர்வீச்சும் இதில் உண்டு. பல் வைப்பது உங்கள் தொகுப்பில் வருமா என்பதை, ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்க. திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

புற்றுநோயாளிகள் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ ரயிலில் போனால், ஸ்லீப்பர் மற்றும் மூன்றடுக்கு ஏசியில் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை உண்டு. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் குறைப்பு. இதற்கு மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும். பாலக்காடு–சென்னை ரயில் பழனி வழியாகவே போவதால் இது நம் ஊர்க்காரர்களுக்கு உபயோகம்.

பஞ்சாமிர்தம் சாப்பிடலாமா?

பழனிக்காரர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. மென்மையானது, மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் எச்சில் இல்லாத வாயில் சர்க்கரையும் வாழைப்பழமும் பல்லில் ஒட்டிக்கொண்டால் கழுவிவிட ஆள் இல்லை. கதிர்வீச்சுக்குப் பிறகு பற்கள் கழுத்துப் பகுதியில் அரித்து, வரிசையாக உடையக்கூடும். உடைந்த பல்லைப் பிடுங்கப் போனால் மறுபடி எலும்பு அழுகல் பயம். அதனால் பிரசாதமாக ஒரு விரல் அளவு போதும். உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளிங்க. சர்க்கரை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

இருக்கும் பற்களைக் காப்பாற்ற, டாக்டர் எழுதித் தரும் ஃபுளோரைடு பேஸ்ட் அல்லது ஜெல், மென்மையான பிரஷ், அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ் ஆகியவற்றைத் தினமும் கடைப்பிடிக்கணும். வைத்த இம்பிளாண்டையும் இதேபோல் சுத்தமாக வைக்கணும். அதற்குச் சொத்தை வராதே தவிர, சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெட்டுப்போகும்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. எந்த எலும்பை, எவ்வளவு எடுக்கப் போறீங்க? எத்தனை பல் போகும்?
2. எலும்பு வைத்து மறுசீரமைப்பு செய்வீங்களா, சதை மட்டுமா?
3. பிறகு இம்பிளாண்ட் வைக்க வசதியாக எலும்பைப் பொருத்த முடியுமா?
4. கதிர்வீச்சு உண்டா? அதற்கு முன் எந்தப் பற்களை எடுக்கணும்? எடுத்த குழி ஆற 2 வாரமாவது கிடைக்குமா?
5. பல் மருத்துவர் உங்கள் குழுவில் இருக்காரா?
6. இம்பிளாண்ட் எனக்கு ஆகாது என்றால், வேறு என்ன வழி?

கதிர்வீச்சு எந்தப் பக்கம், எவ்வளவு கிரே கொடுத்தார்கள் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டை பத்திரமாக வையுங்க. செல்போனிலும் போட்டோ எடுத்து வையுங்க. 10 வருஷம் கழித்துப் பல் வலிக்கு எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் காட்ட வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.

இவ்வளவு தூரம் வராமலே தடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது 2005-ல் வெளியான முடிவில் தெரிந்தது. அந்தப் பரிசோதனைக்குத் தேவை ஒரு டார்ச் லைட்டும் பயிற்சி பெற்ற கண்களும்தான்.

2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது, காரணமில்லாமல் ஆடும் பல் ஆகியவற்றில் எது இருந்தாலும் பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டுங்க. கட்டி எலும்பைத் தொடும் முன் பிடித்துவிட்டால், தாடையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். புகையிலையை விட உதவி வேண்டுமானால் தேசிய இலவச எண் 1800 11 2356-க்கு அழைக்கலாம்.

(இது பொதுவான தகவலுக்காக எழுதப்பட்டது. உங்கள் சிகிச்சை குறித்த முடிவை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் கேட்டு எடுங்கள்.)